மாலை போட்டால் விடுகிறானே!

"மாலை போட்டா மட்டும் 48 நாள் தொடாம இருக்கான்ல? அப்ப மனசு வெச்சா முடியும்தானே? வியாதியாம் வியாதி! எல்லாம் கொழுப்பு."

குடியைப் பற்றிய பேச்சு டீக்கடையில் தொடங்கினாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் தொடங்கினாலும் சரி, கடைசியில் இந்த இடத்தில் வந்து நிற்கும். சொல்பவர் ஊர்ப் பெரியவராக இருப்பார், ஸ்டேஷன் ஏட்டாக இருப்பார், பல நேரம் குடிப்பவனைப் பெற்ற தாயாகவே இருப்பார். குடி ஒரு நோய், அதற்கு மருத்துவம் உண்டு என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் இதைக் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். சர்க்கரை நோய்க்காரன் மாலை போட்டால் சர்க்கரை இறங்கிவிடுமா? புற்றுநோய் கார்த்திகையில் மட்டும் லீவு போடுமா? போடாது. குடி போடுகிறது. ஆகவே அது நோயில்லை, மனசு சம்பந்தப்பட்ட சமாச்சாரம். வாதம் கச்சிதமாகத்தான் இருக்கிறது.

இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் பல வருஷம் இருந்தவன் நான். அதைவிட மோசம், இதே வாதத்தை என் வாயாலேயே பலமுறை சொன்னவன். இப்போது இது தவறு என்கிறேன். ஆளைக் கொல்லும் தவறு என்கிறேன்.

முதலில், மாலை போட்டவனுக்கு அந்த 48 நாளில் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். என் சித்தப்பா வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். சாயங்காலம் ஷட்டரை இறக்கியதும் நேராகக் கடைக்குத்தான். ஒரு குவார்ட்டர், சில நாள் இரண்டு. தொடர்ந்து ஆறு வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டார். ஆறு வருஷமும் மாலை கழுத்தில் இருந்தவரை ஒரு சொட்டுத் தொடவில்லை. டீக்கடை வாதத்துக்கு இவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அந்த நாட்களில் விடிகாலை நாலரைக்குக் குருசாமி வந்து கதவைத் தட்டுவார். பச்சைத் தண்ணீரில் குளியல். சரணம் சொல்லி விளக்கேற்றுவது. சித்தி அதற்கு முன்பே எழுந்து தனிப் பாத்திரத்தில் சமைத்து வைத்திருப்பார். தெருவில் இறங்கினால், நேற்றுவரை "டேய்" போட்டவனெல்லாம் "வாங்க சாமி" என்பான். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வருகிறவன்கூடச் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பட்டறைக்குள் வருவான். கூடக் குடிக்கும் கூட்டாளிகள் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். வழியில் பார்த்துவிட்டாலும், "சாமி, நீங்க இங்க நிக்காதீங்க" என்று அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஷட்டரை இறக்கும் அந்த ஆறரை மணி இருக்கிறதே, குடிப்பவனுக்கு நாளில் அதைவிடப் பொல்லாத நேரம் கிடையாது. அந்த நேரத்தில் சரியாகக் கோயிலில் பஜனை. ஒன்பது மணிக்கு வீடு திரும்பும்போது கூடவே நாலு சாமிகள். பத்து மணிக்குப் பாயை விரித்துப் படுத்துவிடுவார். எத்தனை நாள் தாங்க வேண்டும் என்ற கணக்கும் கையில் இருந்தது. இருமுடி கட்டும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

இதில் சித்தப்பாவின் மன உறுதி இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க எத்தனை தோள்கள்! எழுப்ப ஓர் ஆள், சமைத்துப் போட ஓர் ஆள், மரியாதை கொடுக்க ஒரு தெரு, பொல்லாத நேரத்தை நிரப்ப ஒரு பஜனை, பல வருஷம் மலையேறிய ஒரு வழிகாட்டி, கூட நடக்க ஒரு கூட்டம். இத்தனையையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, "மனசு வெச்சான், விட்டான்" என்று எழுதிக்கொள்கிறோம்.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினார். மறுநாள் நாலரைக்கு யாரும் கதவைத் தட்டவில்லை. தெருவில் "சாமி" பழையபடி "டேய்" ஆனது. ஆறரைக்கு ஷட்டரை இறக்கினார். பஜனை இல்லை, கடை இருந்தது. மூன்றாம் நாள் இடுப்பில் குவார்ட்டரோடு வந்தார். "பாத்தியா, அப்ப மனசு வெச்சான், இப்பக் கொழுப்பு" என்றது ஊர். நானும்தான் சொன்னேன்.

ஆள் மாறவில்லை. மூன்று நாளில் மனசும் மாறிவிடவில்லை. சுற்றி இருந்த ஏற்பாடு கலைந்தது, அவ்வளவுதான். தவக்காலத்தில் 40 நாள் ஒதுங்கியிருந்துவிட்டு ஈஸ்டர் அன்று தொடங்குபவர்களின் கதையும் இதுவே. மாலை எதையாவது நிரூபிக்கிறது என்றால், தனியாக விட்டால் முடியாது, கூட ஆள் இருந்தால் முடியும் என்பதைத்தான் நிரூபிக்கிறது. 48 நாளை விரல்விட்டு எண்ணுகிறவர்கள், மிச்சமிருக்கும் 317 நாளை ஏன் எண்ணுவதில்லை?

இந்த ஏற்பாட்டை வருஷம் முழுவதற்கும் நீட்ட முடியுமா என்ற கேள்விக்கு 90 வருஷத்துக்கு முன்பே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 1935 மே மாதம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரம். நியூயார்க் பங்குச்சந்தைக்காரரான பில் வில்சன் ஒரு ஹோட்டல் முகப்பில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஒரு பக்கம் பாரிலிருந்து பேச்சும் சிரிப்பும். மறுபக்கம் டெலிபோன். அவர் பாருக்குப் போகாமல் உள்ளூர்ப் பாதிரியார் ஒருவருக்குப் போன் போட்டார். அவர் கேட்டது அறிவுரையோ ஜெபமோ அல்ல. பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். இந்த இருவரில் தொடங்கியதுதான் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ.

தமிழ்நாட்டிலும் தேவாலய அறைகளிலும் பள்ளிக்கூட அறைகளிலும் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லித்தான் பேச்சு தொடங்கும். வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன் என்று யாரும் அங்கே சூளுரைப்பதில்லை. இன்றைய 24 மணி நேரம் போதும். புதிதாக வருபவருக்குப் பல வருஷம் குடிக்காமல் இருக்கும் ஒருவர் துணையாக நிற்பார். ஆறரை மணிக்கு நாக்கு வறண்டால் அவருக்குத்தான் போன் போட வேண்டும். புதியவர் கன்னிசாமி, துணை நிற்பவர் குருசாமி, கூட்டம் பஜனை என்று வைத்துக்கொண்டால் சபரிமலை போய் வந்த எவருக்கும் இது புதிதாக இருக்காது. ஒரே வித்தியாசம், இங்கே மாலையைக் கழற்றும் தேதி இல்லை.

இது வெறும் நம்பிக்கையா, பலன் உண்டா? 2020-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துக் கணக்குப் பார்த்தது. ஏ.ஏ. வழியில் ஆற்றுப்படுத்தப்பட்டவர்களில் 100-க்கு 42 பேர் ஒரு வருஷத்துக்குப் பிறகும் முழுதாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற உளவியல் சிகிச்சைகளில் அது 35. இது எல்லோருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. ஏ.ஏ. பேசும் "நம்மினும் மேலான சக்தி" சிலருக்குத் தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு உளவியல் ஆலோசனை இருக்கிறது, குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. வழி எதுவாக இருந்தாலும், நடப்பவன் தனியாக நடப்பதில்லை.

மாலை வாதம் ஆளைக் கொல்லும் என்றேன். அந்த இடத்துக்கு வருகிறேன்.

ஏழாவது வருஷம் சித்தப்பா மாலை போடவில்லை. காலையில் கை நடுக்கம் தொடங்கியிருந்தது. கடை திறப்பது மதியம் 12 மணிக்கு. அவருக்கோ ஆறு மணிக்கே வேண்டும். கடைக்குப் பின்னால் பிளாக்கில் கூடுதல் விலைக்கு விற்பவனிடம் வாங்குவார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து வாயை அதன் பக்கம் கொண்டுபோவார். முதல் வாய் உள்ளே போன பிறகுதான் நடுக்கம் அடங்கும், பிறகுதான் வெல்டிங் ராடைப் பிடிக்க முடியும். போதைக்காகக் குடித்த காலம் போய், நடுங்காமல் நிற்பதற்காகக் குடிக்கும் காலம் வந்துவிட்டது. எங்களுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. "முன்னாடி ஆறு வருஷம் மாலை போட்டு விட்டவருதானே, கார்த்திகை வந்தா தானா விட்டுருவாரு" என்றேன். ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று சித்தி சொன்னபோது, அதைச் சொல்லித்தான் தட்டிக்கழித்தேன்.

அந்த வேறுபாடு என்ன? மது மூளையை அமர்த்துகிறது. வருஷக்கணக்கில் தினமும் அமர்த்தினால், மூளை அதை ஈடுகட்டத் தன் விழிப்பை முடுக்கிக்கொண்டே போகும். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலத்தோடு இழுப்பது போன்ற நிலை அது. ஒரு பக்கத்தார் திடீரென்று கயிற்றை விட்டால் மறுபக்கத்தார் மல்லாக்க விழுவார்கள். குடியைச் சட்டென்று நிறுத்தினால் நடப்பது அதுதான். சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்குச் சித்தப்பிரமை பிடிக்கும்: சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், வீட்டாரையே அடையாளம் தெரியாது. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று மருத்துவத்தில் பெயர். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிர் போகும். தக்க நேரத்தில் பார்த்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். ஊரில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. விரத நாளாக இருந்தால் சாமி வந்துவிட்டது என்பார்கள். மற்ற நாளாக இருந்தால் பேய் பிடித்துவிட்டது என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. சோர்ந்து கிடப்பவரைத் தூக்கிப்போய், "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் வழக்கம். நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரக்கூடும். நடை தள்ளாடும், நினைவு நிரந்தரமாகப் போகும். விவரம் தெரிந்த மருத்துவர் முதலில் தயமினைத்தான் போடுவார். வலிப்பு வராமல் தடுக்க டயசிபாம் வகை மருந்துகளை அளவாகக் கொடுத்து, நாள்தோறும் குறைத்துக்கொண்டு வருவார். ஒரு வாரம், பத்து நாள் வேலை. இதில் மனசு வைக்க வேண்டியது நோயாளி அல்ல; நர்ஸும் டாக்டரும்தான்.

நாங்கள் சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினோம். நான்தான் சாட்சி. அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார்; அன்று இரவு முதல் தொடவில்லை. இரண்டாம் நாள் காலை கொல்லைப்புறத்தில் வலிப்பு வந்து, துவைகல்லில் தலை மோதி விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. குடி கொன்றுவிட்டது என்று ஊர் சொன்னது. அவர் இறந்தது குடித்ததால் அல்ல. மனசு வைத்ததால்.

ஒரு சித்தப்பாவை வைத்துச் சட்டம் பேசாதே என்பார்கள். சரி, தமிழ்நாடு முழுவதையும் வைத்துப் பேசுவோம். 2020 மார்ச் 24 அன்று ஊரடங்குக்காக டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. திறந்தது மே 7. கிட்டத்தட்ட ஒரு மண்டலம். மாநிலம் முழுவதும் கட்டாய மாலை! ஆனால் குருசாமி இல்லை, பஜனை இல்லை, மருத்துவமனைக்குப் போக வண்டிகூட இல்லை. என்ன ஆயிற்று? செங்கல்பட்டுப் பக்கம் வார்னிஷைக் குடித்துச் செத்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்துச் செத்தார்கள். கேரளத்தில் மது கிடைக்காமல் தற்கொலைகள் நடக்க, மருத்துவர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று அரசு உத்தரவிட்டது; உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பெங்களூரு மருத்துவமனைகளில் கடுமையான குடிநிறுத்தச் சிக்கல்களோடு வந்தவர்கள் கூடியதை அங்குள்ள மருத்துவர்களே ஆய்வாக எழுதினார்கள். மே 7-இல் கடை திறந்தபோது ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்றது. அந்த ஆறு வாரத்தில் நிரந்தரமாக விட்டவர்களும் உண்டு; எனக்கே இரண்டு பேரைத் தெரியும். இருவருமே சாயங்காலக் குடியர்கள். இருவருக்கும் காலையில் கை நடுங்கியதில்லை.

மனசு வைத்தால் முடியும் என்ற நம்பிக்கை தனியாக இருப்பதில்லை, குட்டிகளோடுதான் திரியும். முதல் குட்டி கால்கட்டு. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா பொறுப்பு வந்துரும்" என்று ஒரு பெண்ணின் வாழ்க்கையை மருந்தாக அரைத்துக் கொடுப்பது. இரண்டாவது, குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் பொடி. மனசு வைக்க மாட்டேன் என்கிறவனுக்கு வெறுப்பை வரவழைக்கும் குறுக்குவழியாம். பஸ்ஸின் பின்பக்கத்திலும் கழிப்பறைச் சுவரிலும் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்டு. 1940களில் டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர் குடற்புழு மருந்தாகுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது உடம்பு படுத்தியதைக் கண்டுதான் அதன் குணமே தெரிந்தது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். நல்ல மருந்துதான், ஆனால் சாப்பிடுபவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் இதயத்தையும் கல்லீரலையும் பார்த்த பிறகு கொடுக்க வேண்டியது. தெரியாமல் கலந்து கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

மூன்றாவது குட்டிதான் கொடியது: அடித்து மனசு வைக்கச் செய்யும் "மறுவாழ்வு மையம்". எல்லா மையங்களும் அப்படியல்ல. ஆனால் ராத்திரி நாலு பேர் வேனில் வந்து ஆளைக் கட்டித் தூக்கிப் போவதும், மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும், அடியில் ஆள் இறந்துபோய்ப் போலீஸ் கேஸ் ஆவதும் நாம் செய்தித்தாளில் படிக்காததா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. சிகிச்சை பெறும் உரிமையையும், கொடுமைக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையையும் தந்திருக்கிறது. சட்டமே நோய் என்கிறது. ஊர்தான் கொழுப்பு என்கிறது. கொழுப்பு என்று நம்புகிறவர்தான் மகனை அடித்துத் திருத்த ஆயிரங்களைக் கட்டிவிட்டு வருவார்.

இனி என் பக்கத்தை நோக்கி வரும் கேள்விகள்.

"நோய் என்று சொல்லிவிட்டால் பொறுப்பிலிருந்து தப்பித்துவிடுவானே?" நியாயமான கேள்வி, இதைக் கேட்பவர் பெரும்பாலும் அடிவாங்கிய மனைவியாக இருப்பார். நோய் வந்ததற்கு ஒருவர் பொறுப்பில்லாமல் இருக்கலாம். வைத்தியத்துக்கு ஒத்துழைப்பது அவர் பொறுப்பு. மனைவியை அடிப்பது குற்றம். அடித்தவர் நோயாளி என்பதால் அது குற்றமில்லை என்று ஆகிவிடாது. அந்தப் பெண் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சொல்லப்போனால், பொறுப்பைத் தட்டிக்கழிக்க வசதி செய்து கொடுப்பது "மனசு வெச்சா விட்டுருவேன்" என்ற பேச்சுதான். குடிப்பவரே அதைத்தான் தினமும் சொல்கிறார். நினைத்தால் விட்டுவிட முடியும் என்றால் ஆஸ்பத்திரிக்கு எதற்கு? நாளைக்கு நினைத்துக்கொள்ளலாம்.

"யார் உதவியும் இல்லாமல் விட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!" உண்மை. 2001-02-இல் அமெரிக்காவில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், ஒரு காலத்தில் மதுவுக்கு அடிமையாக இருந்தவர்களில் நான்கில் ஒருவர்தான் சிகிச்சை பெற்றிருந்தார். பெறாதவர்களிலும் பலர் மீண்டிருந்தார்கள். காய்ச்சலும் பல பேருக்குத் தானாக இறங்குகிறது. அதை வைத்து டைபாய்டுக்காரனிடம் மனசு வை என்று யாரும் சொல்வதில்லை. தானாக மீள்வார் எவர், மீளாதவர் எவர் என்பது முன்கூட்டியே நெற்றியில் எழுதியிருப்பதில்லை.

"கடையை மூடு, எல்லாம் சரியாகும்." 2003 முதல் சில்லறை விற்பனையையும் கையில் வைத்துக்கொண்டு, 2023-24-இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்த்த அரசுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. கடைகள் குறையட்டும், நேரம் சுருங்கட்டும். புதிதாகக் குடிக்க வருகிறவன் குறைவான். ஆனால் ஏற்கெனவே நடுங்கும் கைக்கு மூடிய கடை மருந்தாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மலிவாக எது கிடைத்தாலும் குடித்தாக வேண்டிய உடம்புகள் ஊரில் இருக்கும்வரை, பாக்கெட்டில் எதையாவது விற்க ஆள் வந்துகொண்டே இருப்பான்.

மாலை வாதத்தில் இன்னொரு விஷமும் உண்டு. விரதம் ஒருமுறை முறிந்தால் முறிந்ததுதான். மாலையைக் கழற்றிவிட வேண்டும். இந்தக் கணக்கைக் குடிநோய்க்கும் பொருத்துகிறோம். ஆறு மாதம் தொடாமல் இருந்தவன் ஒரு கல்யாண வீட்டில் ஒரு கட்டிங் போட்டுவிட்டால், "அவ்வளவுதான், நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்கிறோம். அவனும் அதை நம்பி, போனது போயிற்று என்று முழுதாக இறங்கிவிடுகிறான். 2000-இல் வந்த ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வு, போதைநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு 100-க்கு 40 முதல் 60 பேர் ஒரு வருஷத்துக்குள் சறுக்குகிறார்கள் என்றது. ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்புவது 50 முதல் 70 என்றும் அதே ஆய்வு காட்டியது. பிரஷர் ஏறியவரிடம் நாய் வால் கதையை யாரும் சொல்வதில்லை. மாத்திரையை மாற்றித் தருகிறார்கள். முன்னே சொன்ன டாக்டர் பாப், வில்சனைச் சந்தித்த பிறகும் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் சறுக்கி, மயங்கிக் கிடந்து வீடு திரும்பியவர். அவர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

நம் ஊரிலேயே வழி காட்டியவர்கள் இல்லாமலில்லை. டி.டி.கே. தொழில் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் குடியால் இளம் வயதில் இறந்தார். பணமும் படிப்பும் வசதியும் போதுமென்றால் அவர் பிழைத்திருக்க வேண்டும். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கிக் குடிநோய்ச் சிகிச்சை மருத்துவமனையை நடத்தினார். 1989-இல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டார். மருத்துவக் குழு சென்னையிலிருந்து வந்தது. இடமும் ஒத்தாசையும் ஊர் கொடுத்தது. ஊரை ஒதுக்கிவிட்டு ஆளை மட்டும் திருத்த முடியாது என்று புரிந்துகொண்ட முகாம் அது. குருசாமியையும் மருத்துவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தது என்று நான் அதைச் சொல்வேன்.

ஆனால் அது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 5 கோடியே 70 லட்சம் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180-க்கு ஒருவர். பெண்களின் நிலை இன்னும் மோசம். நோயை வெளியே சொல்லவே வழியில்லாதவள் எந்த வாசலில் போய் நிற்பாள்? மனசு வைத்தால் போதும் என்று ஊர் நம்பும்வரை, படுக்கை கேட்டு யாரும் குரல் கொடுக்கப் போவதில்லை. கேட்காத படுக்கையை எந்த அரசும் போடாது. ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் குடிநிறுத்தச் சிகிச்சைக்கு நாலு படுக்கை, அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், வீடு திரும்பியவரை ஒரு வருஷம் விடாமல் பின்தொடர ஓர் ஊழியர். 45,000 கோடியில் இதற்குப் பங்கில்லையா?

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "மனசு வெச்சா முடியும்" என்று அடுத்த முறை நாக்கு நுனிக்கு வரும்போது விழுங்கிவிட்டு, காலையில் கை நடுங்குகிறதா என்று அவரிடம் கேளுங்கள். நடுங்குகிறது என்றால் இன்றிரவே நிறுத்தச் சொல்லாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளி சீட்டு காலையில் கொடுப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும் 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கின்றன; இரண்டும் இலவசம். அவரைத் தனியாக அனுப்பாமல் கூடப் போங்கள். வரிசையில் கூட நில்லுங்கள். வீடு திரும்பிய பிறகு, ஆறரை மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

கார்த்திகை வரட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். என் சித்தப்பா இறந்தது ஆவணியில்.